துக்கம் கேட்டல்

‘ஆறுதல்’ தன்வினையிலிருந்து வந்த சொல். சோறு ஆறுகிறது, புண் ஆறுகிறது, மனமும் ஆறுகிறது. தானாக, தன் காலத்தில். வெளியிலிருந்து ஒருவர் செய்யக்கூடியது ஆற்றுதல் மட்டுமே. டீக்கடைக்காரர் தூக்கி ஊற்றுகிறார். சூட்டை எடுப்பது காற்று. கலித்தொகையின் நெய்தற்பகுதியில் பண்புகளை ஒவ்வொன்றாக வரையறுக்கும் செய்யுள் ஒன்று, ஆற்றுதலை நலிந்தவர்க்கு உதவும் செயலாகவே காண்கிறது. பேச்சுக்கு அங்கே இடமில்லை.

இன்று நாம் ஆறுதலைச் ‘சொல்கிறோம்’. விபத்து நடந்த ஊருக்கு அமைச்சர் போய் ஆறுதல் ‘கூறினார்’ என்று நாளிதழ் எழுதுகிறது. தானே நிகழவேண்டிய ஒன்று, வாயால் வழங்கி முடிக்கும் பண்டமாகிவிட்டது. சொன்னதும் சொன்னவரின் வேலை முடிந்தது.

கொங்குக் கிராமத்தில் சாவு வீட்டுக்குப் போவது ‘துக்கம் கேக்கப் போறது’. கொங்குக்கு மட்டுமே உரிய வழக்கல்ல இது, ஆனாலும் கவனிக்கத்தக்கது. வினவுதலும் செவிகொடுத்தலும் ‘கேள்’ என்ற ஒரே சொல்லில் கிடக்கின்றன. போனவர், “எப்புடிங்க ஆச்சு?” என்கிறார். துக்கத்துக்காரர் கடைசி நாளை முதலிலிருந்து சொல்கிறார். அடுத்து வருபவருக்கும் அதையே சொல்கிறார். பத்தாவது தடவையில் நடந்தது ஓர் உருவம் பெற்றுவிடுகிறது. மனம் ஆறத் தொடங்குவது அங்கேதான். சொல் துக்கப்பட்டவரிடம் இருக்கிறது. வந்தவருக்குக் காதுதான் வேலை.

படைப்பாளிக்கும் இது பொருந்தும். ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ (1942) ஒரு விதவை நிலத்தில் பங்கு கேட்கும் கதை. ஆசிரியர் அவளைத் தேற்றுவதில்லை. அவள் பேச்சை அதன் கொங்கு நெளிவுகளோடு கேட்டுக்கொண்டிருக்கிறார். கதை கொலையில் முடிகிறபோதும் நமக்குச் சமாதானம் எதுவும் தருவதில்லை.

1971இல் கோவையில் தோன்றிய ‘வானம்பாடி’ இயக்கம் எளிய மக்களின் துயரத்தைக் கவிதைக்குள் கொண்டுவர விரும்பியது. அந்த அக்கறையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் அக்கவிதைகள் பெரும்பாலானவற்றில் துயரப்படுபவன் வாய் திறப்பதில்லை. கவிஞனே பேசுகிறான், விடியலை வாக்களிக்கிறான். மில் சங்கு ஊதிய ஊரில் பிறந்த இக்கவிதைகளைக் கொண்டு, மில் தொழிலாளி தன் வீட்டுத் திண்ணையில் என்ன பேசினான் என்று அறிய வழியில்லை. மேடையிலிருந்து ஆறுதல் கூறும் குரல் இது.

எதிரில் இருப்பவன் பேசி முடிக்கும்வரை காத்திருக்கத் தெரியாத கவிதை யாரையும் ஆற்றுவதில்லை. தன் குரலைக் கேட்டுத் தானே ஆறுதலடைகிறது.