திமிங்கிலகிலம்: ஒரு சொல்லின் விலங்கியல்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல்வெளிகளுக்கும் அப்பால் அமைந்தது உன்னிச்சை. கடலோசை எட்டாத அவ்வூருக்குக் குளமே கடல். அக்குளத்து விராலின் வயிற்றைக் கீறுவோர் உள்ளே செரியாத சிறுமீன் கிடப்பதைக் கண்டிருப்பர். சிறியதைப் பெரியது விழுங்கும் என்பதை அறிய அவர்களுக்கு நூலெதுவும் வேண்டியதில்லை. குளத்தங்கரையிலே காணத்தக்க இவ்வெளிய காட்சிதான் வடமொழிப் புலவர் கையில் வளர்ந்து, எக்கடலும் கொள்ளாத ஒரு மீனாயிற்று.

அம்மீனைக் கூறும் தனிச்சுலோகம் ஒன்று வடமொழி வாணரிடையே நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. திமி என்றொரு மீன் உண்டு. அதன் நீளம் நூறு யோசனை. திமிங்கிலகிலம் என்பதும் உண்டு. அதனையும் விழுங்கும் இராகவம் என்பதும் உண்டு. சுலோகத்தின் பொருள் இவ்வளவே. திமியை விழுங்குவது திமிங்கிலம். திமிங்கிலத்தை விழுங்குவது திமிங்கிலகிலம். ‘கில’ என்பது விழுங்குதலைக் குறிக்கும் உறுப்பு. அதனை ஒருமுறை சேர்த்தால் ஒரு மீன் பிறக்கின்றது. இன்னொருமுறை சேர்த்தால் அதனிலும் பெரிய மீன் பிறக்கின்றது. வலையோ தூண்டிலோ இன்றி இலக்கணத்தால் மட்டுமே பிடிக்கப்பட்ட மீன்கள் இவை.

இவற்றின் விலங்கியலை நோக்குவார்க்கு ஏமாற்றமே எஞ்சும். நிறம் யாது, செதில் உண்டா, முட்டையிடுமா, குட்டி ஈனுமா, எந்நீரில் வாழும் என்பன பற்றி ஒரு சொல்லும் இல்லை. நீளங் கூறப்படுவதும் முதல் மீனுக்கு மட்டுமே. ஏனையவற்றை நாம் அறிவது அவை எதனை விழுங்கும் என்பதைக் கொண்டுதான். வாயும் வயிறுமன்றி வேறுறுப்பில்லாத உயிர்கள் அவை.

நூறு யோசனை என்ற அளவும் ஆராய்தற்குரியது. யோசனையின் அளவு பற்றிக் கருத்து வேறுபாடுண்டு. எட்டு மைல் எனக் கொண்டால் திமியின் நீளம் எண்ணூறு மைல். இலங்கையின் நீளமோ வடக்குத் தெற்காக ஏறத்தாழ 270 மைல். கல்லடிக் கடலில் இம்மீன் ஒன்று வந்து கிடக்குமாயின் அதன் தலையையும் வாலையும் காண வேற்று நாடுகளுக்கே செல்ல வேண்டியிருக்கும்! இதனிலும் சுவையான செய்தி ஒன்றுண்டு. வான்மீகி இராமாயணத்தில் அனுமன் தாண்டிய கடலின் அகலமும் நூறு யோசனையே. நளன் அமைத்த சேதுவின் நீளமும் அதுவே. திமி ஒன்று குறுக்கே கிடந்திருப்பின் வானரர் மலை சுமந்திருக்க வேண்டியதில்லை. ஆகவே நூறு என்பது அளந்து கண்ட எண்ணன்று. அளக்க இயலாமையைச் சொல்ல வழங்கிய மரபெண் எனலே பொருந்தும்.

இவ்வாறிருக்கவும், திமிங்கிலம் என்ற சொல்லைக் காட்டி, நம் முன்னோர் இன்றைய கடலியலை அன்றே அறிந்திருந்தனர் எனப் பேசுவாருளர். மேடைகளிலும் பாடசாலை மலர்களிலும் இவ்வாதம் அடிக்கடி தலைகாட்டுகின்றது. கரையொதுங்கிய பேருயிரின் உடலைப் பழங்காலத்தார் கண்டிருக்கலாம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் கண்டதற்கான சான்று வருணனையிலே கிடைக்க வேண்டும். பெயரிலே மட்டும் கிடைப்பது சான்றாகாது. இவ்வாதத்தால் நேரும் கேடும் ஒன்றன்று. அறிவியல் தன் முறையை இழக்கின்றது. கற்பனையும் தனக்குரிய மதிப்பை இழக்கின்றது. விளையாட்டாக எழுந்த சுலோகத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது புலவனுக்குச் செய்யும் மரியாதையாகாது.

உண்மையான அவதானிப்பு வேண்டுவோர் பட்டினப்பாலையை நாடலாம். சுறவின் கோட்டினை நட்டு, அதில் உறையும் தெய்வத்தைப் பரதவர் வழிபட்டமையை உருத்திரங்கண்ணனார் கூறுகின்றார். அங்கே மீனின் நீளம் பேசப்படவில்லை. கையிலெடுத்து மணலில் நடத்தக்க கோடு ஒன்று பேசப்படுகின்றது. வேளா மீனின் அரம்போன்ற மூக்கைக் கண்டவர்க்கு அக்கோடு யாதென விளக்க வேண்டியதில்லை. வான்மீகியும் இத்துறையில் அடக்கமுடையவர். சேனை கடற்கரையை அடையும் இடத்தில் திமியையும் திமிங்கிலத்தையும் அவர் பெயர் சுட்டிச் செல்கின்றார், கணக்குக் கூறவில்லை. கடல் வானையும் வான் கடலையும் ஒத்திருக்கும் அப்பெருங்காட்சியில் மீன் ஒரு சிற்றுறுப்பே.

அவ்வாறாயின் தனிச்சுலோகத்து மீன் எங்கிருந்து வந்தது? அரசியலில் இருந்து வந்தது எனக் கருத இடமுண்டு. தண்டம் இல்லாத நாட்டில் வலியார் மெலியாரை விழுங்குவர் என்பதை மச்ச நியாயம் என்று கௌடிலியரின் அர்த்தசாத்திரம் குறிக்கின்றது. மன்னன் ஏன் வேண்டும் என்ற வினாவுக்கு விடையாகவே அந்நியாயம் அங்கு வருகின்றது. விழுங்குவானை விழுங்குவான், அவனையும் விழுங்குவான் என ஏறிச்செல்லும் படிமுறை, நீரில் எழுதப்பட்ட சமூகப் படமன்றி வேறென்ன? உச்சியில் நிற்கும் மீனுக்கு இராகவம் என்ற பெயர் வாய்த்தமையும் கவனிக்கத்தக்கது. இரகு குலத்து வேந்தனுக்கும் அதுவே பெயர். இச்சிலேடையைப் புலவர் கருதியே அமைத்தாரோ, அன்றோ, கேட்பவர் செவியில் அது விழாமற் போயிராது.

நியாயம் இவ்வாறிருக்க, கடல் அதற்கு உடன்படவில்லை என்பதே வியப்பு. இன்று நாம் நீலத்திமிங்கிலம் என அழைக்கும் உயிர் மீனன்று, முலையூட்டி. வளர்ந்தால் நூறு அடியை எட்டக்கூடியது; அறியப்பட்ட விலங்குகள் அனைத்திலும் பெரியது. திருகோணமலைக் கடலில் இவ்வுயிர்கள் உலவுதலை 1980களின் முற்பகுதியில் ‘டியூலிப்’ என்னும் ஆய்வுக் கப்பலில் வந்தோர் உலகறியச் செய்தனர். இத்துணைப் பேருயிரின் உணவு யானையன்று, திமியுமன்று. கூனி போன்ற நுண்ணிய இறாலினங்களே. அதற்குப் பல்லும் இல்லை. நீரோடு அள்ளிய இரையைத் தாடைத் தகடுகளால் வடித்து உண்கின்றது. அதன் தொண்டையோ பெரிய மீனொன்றையும் விழுங்க இடந்தராத அளவு ஒடுங்கியது. பெரியது தனக்கடுத்த பெரியதை விழுங்கும் என்ற படிமுறை, உயிர்களுள் மிகப் பெரியதன் வாயிலேயே முறிந்துபோகின்றது. திமியை விழுங்குவது எனப் பொருள்படும் பெயரை அது இன்றும் சுமந்து திரிவது மொழியின் குறும்பு என்றே கூற வேண்டும்.

இக்குறைகளைக் கூறுவதால் சுலோகத்தின் சுவை குன்றிவிடாது. அதனை இயற்றியவர் தாம் செய்வது யாதென நன்கறிந்தவராகவே தோன்றுகின்றார். இராகவத்தை விழுங்கும் மீன் எதுவென அவர் கூறவில்லை. அனுட்டுப்பின் 32 அசைகளும் அவ்விடத்தில் முடிந்துவிட்டன.