மேலாண்ட, கீழாண்ட

2024இல் வந்த ‘லப்பர் பந்து’ படத்தை முதல்முறை பார்த்தபோது எல்லாரையும் போல நானும் விசில் அடித்தேன். இரண்டாம் முறை பார்த்தபோது ஒன்று உறுத்தியது. அந்த மைதானங்களில் ஆட்டத்தைத் தீர்மானிக்கிற சக்தியாகக் காற்று இல்லை. கெத்து நினைத்த இடத்துக்குப் பந்து போகிறது. அன்பு நினைத்தபடி பந்து விழுகிறது. பந்தின் பாதை என்பது அடித்தவனின் மனசு.

தொண்டூர்ப் பக்கம் ஏரியில் ஆடி வளர்ந்த யாருக்கும் இது கொஞ்சம் விநோதமாகத்தான் இருக்கும். கோடையில் ஏரி வற்றியதும் எங்களுக்கு மைதானம் கிடைத்துவிடும். ஆனால் ஆனி, ஆடியில் மேல்காற்று எழும்பிவிட்டால் அந்த மைதானம் இரண்டாகப் பிளந்துவிடும். கரையை ஒட்டி எங்கள் பிட்ச் மேற்குக் கிழக்காகக் கிடந்தது. மேலாண்ட முனையிலிருந்து போடுகிறவனுக்குக் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். அடிக்கிறவன் எதிர்க்காற்றில் தூக்கியாக வேண்டும். சாயங்கால வெயிலும் அவன் கண்ணில். கீழாண்ட முனையில் எல்லாமே தலைகீழ். போடுகிறவன் முகத்தில் காற்று, கண்ணில் வெயில். நேராகத் தூக்கினாலே போதும், மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும்.

இதில் கணக்கும் இருக்கிறது. கிரிக்கெட் பந்து சுமார் 160 கிராம். டென்னிஸ் பந்து 60 கிராமுக்கும் கீழே. இரண்டும் அளவில் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதாவது காற்று பிடித்துத் தள்ளுவதற்கான பரப்பு ஏறத்தாழ அதேதான். தள்ளப்படும் எடைதான் மூன்றில் ஒரு பங்கு. சேப்பாக்கத்தில் கடற்காற்று ஒரு பந்தைக் கொஞ்சம் நகர்த்துகிறது என்றால், அதே வேகக் காற்று எங்கள் ஏரியில் டென்னிஸ் பந்தை இரண்டு மூன்று மடங்கு இழுத்துக்கொண்டு போகும். ஏழை ஆட்டத்தில்தான் காற்றுக்கு அதிகாரம் அதிகம்.

தொலைக்காட்சி வர்ணனை இதைக் கண்டுகொள்வதில்லை. வானிலை என்றாலே அங்கே ஒரே வாக்கியம்தான்: காற்றில் ஈரம் இருக்கு, கனமா இருக்கு, அதனால ஸ்விங் ஆகும். உண்மையில் நீராவி காற்றைவிட லேசானது. ஒரே வெப்பத்தில், ஒரே அழுத்தத்தில் ஈரக்காற்று வறண்ட காற்றைவிட அடர்த்தி குறைந்தது. தென்றல், வாடை, கொண்டல், கோடை என்று திசைக்கொரு பெயர் வைத்த மொழி இது. அதில் பேசும் வர்ணனையாளர் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று சொல்லாமலேயே ஒரு முழு ஓவரைக் கடந்துவிடுகிறார்.

சரி, ஒரு சினிமாவில் காற்று இல்லாவிட்டால் என்ன என்று கேட்கலாம். எனக்கு அது சின்ன விடுபடலாகத் தெரியவில்லை.

‘லப்பர் பந்து’ நேர்மையான படம். அன்புவுக்கு ஜாலி பிரெண்ட்ஸ் அணியில் ஏன் இடமில்லை என்பதை மழுப்பாமல் சொல்கிறது. ‘சென்னை 600028’ தொடாத இடம் அது. ‘ஜீவா’ தேர்வுக்குழு அறையில் வைத்துக் கேட்ட கேள்வியை இது ஊர் மைதானத்துக்குக் கொண்டுவந்தது. தமிழரசன் பச்சமுத்துவுக்கு அந்தப் பெருமை உண்டு. ஆனால் இந்தப் படங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு நம்பிக்கை இருக்கிறது: தடை வாசலில்தான், உள்ளே விட்டுவிட்டால் திறமை பேசிவிடும்.

உள்ளே விட்ட பிறகு என்ன நடக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். எங்கள் அணியில் காலனியிலிருந்து ஒருவன் ஆடினான். பதினோரு பேரில் அவன் பெயர் இருந்தது. சேர்த்துக்கொண்டோம் என்று எங்களுக்குப் பெருமையும் இருந்தது. டாஸ் போட்டு முடித்ததும் கேப்டன் சொல்வது மாறவே மாறாது: “டேய், நீ கீழாண்ட போடு.” மேலாண்ட முனை எனக்கு. நான் விக்கெட் எடுப்பேன், அவன் ரன் கொடுப்பான். ஸ்கோர் நோட்டில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் இருப்போம். நோட்டில் காற்றுக்குக் கட்டம் கிடையாது.

ஒரு ஆட்டத்தில் அவன் போட, நான் கீழ்க்கோடியில் லாங் ஆனில் நின்றேன். பந்து மேலே போனதும் “பின்னால போ, பின்னால போ” என்று கத்தினான். பந்து இன்னும் உச்சிக்கே போகவில்லை. எனக்கு அது முன்னால் விழுவது போலத் தெரிந்தது. நான்கடி முன்னால் ஓடினேன். பந்து என் தலைக்கு மேலே நிதானமாகப் போய் எல்லைக்கு அந்தாண்ட விழுந்தது.

அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று அப்புறம் பல நாள் யோசித்தேன். அதிசயம் ஒன்றும் இல்லை. பந்தின் வேகம், உயரம், காற்றின் திசை மூன்றையும் கூட்டிப் பார்க்கிற கணக்கை எங்களில் அவன் ஒருவன்தான் தினமும் போட வேண்டியிருந்தது. முதுகில் காற்று வாங்கியவனுக்குக் காற்று இருப்பதே தெரியாது. எனக்குத் தெரியாமல் போனது கண் கோளாறால் அல்ல.

கேப்டன் அவனைத்தான் திட்டினான். “சிக்ஸ் குடுக்கத்தான் பந்து கேட்டியா?” அவன் என்னைப் பார்த்தான். நான் குனிந்து ஷூ லேஸைக் கட்டினேன். அடுத்த வாரம் அவன் வரவில்லை. ‘பையன் நல்லாத்தான் போடுவான், மேட்ச்னு வந்தா தாங்க மாட்டான்’ என்று ஒரு தீர்ப்பு சொல்லப்பட்டது. நானும் தலையாட்டினேன். நோட்டைப் புரட்டிப் பார்த்தால் அது சரியாகவும் இருந்தது.

திறமையைக் கொண்டாடும் படங்களில் எனக்குள்ள பிரச்சினை இதுதான். அவை அன்புவின் கையில் பந்தைக் கொடுக்கச் சொல்கின்றன, அது நியாயமான கோரிக்கை. எந்த முனையிலிருந்து என்று அவை கேட்பதில்லை. அன்பு அசாத்தியமான ஆட்டக்காரன், அதனால் எந்த முனையிலும் ஜெயித்துவிடுவான். சுமாரான ஆட்டக்காரனுக்கு அந்த வசதி கிடையாது. நான் சுமாரான ஆட்டக்காரன்தான். எனக்கு மேலாண்ட முனை இருந்தது.