யார் கணக்கில் பற்று?

ஆங்கிலத்தில் சில வார்த்தைகளைப் பெற்றவள் எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பாள். பிள்ளை மட்டும் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு ஊரை வளைய வரும். 'ரூத்லெஸ்' அந்த ரகம்.

'ரூத்' என்றால் இரக்கம். (பைபிளில் வரும் ரூத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது எபிரேயப் பெயர்.) இடைக்கால ஆங்கிலத்தில் சகஜமாகப் புழங்கிய சொல். இன்றைக்கு லண்டன் தெருவில் நின்று 'கொஞ்சம் ரூத் காட்டுங்க சார்' என்று கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். இரக்கம் வழக்கொழிந்துவிட்டது. 'இரக்கமில்லாத' மட்டும் அமோகமாக வாழ்கிறது. அதுவும் எப்படி? திட்டாக அல்ல, பாராட்டாக! 'ரூத்லெஸ் எஃபிஷியன்ஸி', 'ரூத்லெஸ் ஃபோகஸ்' என்று மேனேஜ்மென்ட் புத்தகங்களில் சந்தனம் பூசி உட்கார வைத்திருக்கிறார்கள்.

தைரியத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள மற்ற சொற்களைப் பாருங்கள். ஏதோ கறிக்கடைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். 'கரேஜ்' லத்தீன் மொழியின் இதயத்திலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. 'கட்ஸ்' என்றால் குடல். 'பிளக்' என்றால், ஆட்டை அறுத்தபின் கசாப்புக்காரர் பிடுங்கிப் போடும் இதயம், ஈரல், நுரையீரல் வகையறா. 'மெட்டில்' வேறொன்றுமில்லை, உலோகம் என்ற 'மெட்டல்'தான் எழுத்து மாறி நிற்கிறது. 'கிரிட்' என்றால் பல்லில் நறநறக்கும் பொடிக்கல். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கர்கள் அதை மன உறுதிக்குப் பெயராக்கினார்கள்.

'மாக்ஸி' கதை இன்னும் தமாஷ். 1880-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அகஸ்டின் தாம்ப்சன் என்ற டாக்டர், நரம்புக்குத் தெம்பு தரும் என்று சொல்லி ஒரு கசப்பு பானம் விற்றார். விளம்பரம் போட்ட போட்டில், 1930 வாக்கில் 'மாக்ஸி' என்றாலே துணிச்சல் என்று அர்த்தமாகிவிட்டது. 2018-ல் கோகோ கோலா கம்பெனி அந்த பிராண்டையே வாங்கியது. துணிச்சல்கூட பாட்டிலில் கிடைக்கும் தேசம்!

இந்தச் சொற்களையெல்லாம் ஒரே பையில் போட்டுக் குலுக்கிவிட்டார்கள் என்பதுதான் என் புகார். வேலைக்கான விளம்பரத்தில் 'அக்ரஸிவ்' ஆள் தேவை என்கிறார்கள். டிவியில் கிரிக்கெட் வர்ணனையாளர் நம் பையன்களுக்குக் 'கில்லர் இன்ஸ்டிங்க்ட்' போதாது என்று அங்கலாய்க்கிறார். கொலைவெறியும் மன உறுதியும் ஒன்றா?

நான் பி.காம். படித்தவன். எதையும் பற்று, வரவு என்று பிரித்தால்தான் எனக்கு விளங்கும். 'கட்ஸ்', 'கிரிட்', 'பிளக்' எல்லாவற்றிலும் வலி யாருக்கு? அந்தக் குணத்தை வைத்திருப்பவனுக்கு. பற்று அவன் கணக்கில். 'ரூத்லெஸ்', 'கில்லர்' இரண்டிலும் வலி எதிரே நிற்பவனுக்கு. பற்று அடுத்தவன் கணக்கில், வரவு மட்டும் இவனுக்கு. இரண்டையும் ஒரே தலைப்பில் எழுதினால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியை 1981 முதல் 2001 வரை ஆண்ட ஜாக் வெல்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஐந்து வருடங்களில் சம்பளப் பட்டியலிலிருந்து லட்சம் பேருக்கு மேல் காணாமல் போனார்கள். கட்டடம் அப்படியே நிற்க, ஆட்கள் மட்டும் மறைந்ததால் 'நியூட்ரான் ஜாக்' என்று பெயர். 1984-ல் அவரை அமெரிக்காவின் மகா கடுமையான பாஸ் என்று எழுதிய அதே 'ஃபார்ச்சூன்' பத்திரிகை, 1999-ல் நூற்றாண்டின் சிறந்த மேலாளர் என்று மகுடம் சூட்டியது. 2018-ல் ஜி.ஈ., டௌ ஜோன்ஸ் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 2024-ல் மூன்று கம்பெனிகளாக உடைந்து முடிந்தது. எல்லாவற்றுக்கும் வெல்ச் ஒருவரே காரணம் என்றால் அது கணக்குத் தெரியாத பேச்சு. ஆனால் மகுடத்தை அவசரப்பட்டு வைத்துவிட்டார்கள் என்று சொல்லலாமில்லையா?

ஊபர் கதை சமீபத்தியது. டிராவிஸ் கலானிக் காலத்தில் கம்பெனியின் கொள்கைப் பட்டியலிலேயே, திறமை இருந்தால் அடுத்தவர் காலை மிதிக்கலாம் என்கிற ரீதியில் ஒன்று இருந்தது. 'எப்போதும் ஹசில் பண்ணு' என்று இன்னொன்று. (அமெரிக்கப் பேச்சில் 'ஹசில்' என்றால் ஏமாற்றிப் பிழைப்பது என்றும் அர்த்தம் உண்டு.) 2017 பிப்ரவரியில், அங்கே வேலை பார்த்த சூசன் ஃபௌலர் என்ற பெண் இன்ஜினீயர், தனக்கு நேர்ந்த பாலியல் தொல்லையையும் நிர்வாகம் கண்டுகொள்ளாததையும் பகிரங்கமாக எழுதினார். ஜூனில் கலானிக் பதவி விலகினார். நவம்பரில் புதுத் தலைவர் பட்டியலையே மாற்றினார். பெயர் போட்டு எழுதிய அந்தப் பெண்ணிடம் இருந்ததற்குப் பெயர்தான் சார், 'கட்ஸ்'!

நல்ல வார்த்தைக்கும் இந்த ஆபத்து உண்டு. 2016-ல் ஏஞ்சலா டக்வொர்த் எழுதிய 'கிரிட்' புத்தகம் சக்கைப்போடு போட்டது. அது வெளிவருமுன்பே பள்ளிக்கூடப் பிள்ளைகளின் 'கிரிட்'டுக்கே மார்க் போடலாமா என்று யோசித்தார்கள். அதை வைத்துப் பள்ளிகளை எடை போடாதீர்கள் என்று அந்த அம்மாளே அதே வருடம் எதிர்த்து எழுத வேண்டியதாயிற்று. பின்னே? வாத்தியாரும் இல்லை, லைப்ரரியும் இல்லை, ஆனால் பையனிடம் மன உறுதி போதவில்லை என்றால் அதுவும் பற்றை அடுத்தவன் கணக்கில் எழுதுகிற வேலைதானே!

தமிழில் 'தறுகண்' என்று ஒரு பழைய சொல். அஞ்சாமை என்றும் பொருள், கொடுமை என்றும் பொருள். நம்மிடமும் இந்தக் குழப்பம் இருந்திருக்கிறது. ஆனால் வள்ளுவர் படைச்செருக்கு அதிகாரத்தில் அதை அப்படியே விட்டுவிடவில்லை. தறுகண் ஆண்மைதான், ஆனால் எதிரிக்கு ஒரு துன்பம் வரும்போது அவனுக்கு உதவுவதுதான் அந்த ஆண்மையின் கூர்முனை என்கிறார். போர்க்களத்தைப் பற்றிப் பேசும்போதே இப்படி!

அடுத்த முறை யாராவது உங்களை 'ரூத்லெஸ்' என்று புகழ்ந்தால், நன்றி சொல்லுமுன் ஒன்றே ஒன்று கேளுங்கள். பற்று யார் கணக்கில்?