நக்கலும் நகலும்

தமிழ் பேசும் வீடுகளில் "என்ன, நக்கலா?" என்ற கேள்வி எழாத நாள் அநேகமாக இருக்காது. கோபமாகவும் கேட்கலாம், செல்லமாகவும் கேட்கலாம். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இந்தச் சொல்லில் சிக்கல் ஒன்றும் இல்லை. மும்பையில் வாழ்கிற நமக்குத்தான் சிக்கல். மராட்டியிலும் 'நக்கல்' என்று ஒரு சொல் இருக்கிறது. ஒருவரைப் போலப் பேசியோ நடந்தோ காட்டுவதும், ஒன்றைப் பார்த்துப் படியெடுப்பதும் அங்கே நக்கல். இந்தியிலும் உருதுவிலும் அதே சொல் 'நகல்' என்று வழங்குகிறது.

1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், ஜனதா காலனியிலிருந்து அகற்றப்பட்ட மக்களை டிராம்பேயில் கொண்டுவந்து குடியமர்த்தியதால் உண்டானது எங்கள் சீத்தா கேம்ப். ஒரே சந்தில் தமிழும் உருதுவும் இந்தியும் மராட்டியும் புழங்கும். இங்கே பள்ளிக்கூடம் விட்டு வரும் பேரன், "நக்கல் பண்ணாதேன்னு டீச்சர் திட்டிட்டாங்க ஆயா" என்று சொன்னால் ஆயா என்ன நினைப்பார்? பையன் டீச்சரையே கேலி பேசிவிட்டான் என்று நினைப்பார். அவன் செய்ததோ, பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியது. சொல் ஒன்றுதான், ஆயாவின் காதில் விழுந்த குற்றம் வேறு, பேரன் செய்த குற்றம் வேறு.

இந்த இரண்டும் ஒரே சொல்லா, வேறு வேறு சொற்களா? பாத்திர வியாபாரம் செய்பவனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுவார்களா, பேசமாட்டார்களா என்ற கேள்வியும் இதற்குள் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம். ஆகவே பொறுமையாகப் பார்ப்போம்.

மூன்று வழிகள்

நக்கல் என்ற சொல்லுக்கு மூன்று பிறப்பு சொல்லலாம்.

முதலாவது, நாவால் நக்குதல். இதை நினைத்துத்தான் சில பெரியவர்கள், "அது அசிங்கமான வார்த்தை, சபையில் சொல்லாதே" என்று பிள்ளைகளை அடக்குகிறார்கள். ஆனால் நாவால் நக்குவதற்கும் பிறரைக் கேலி செய்வதற்கும் பொருள் பொருத்தம் எதுவும் தெரியவில்லை. ஓசை ஒன்றாக இருப்பதாலேயே உறவு ஆகிவிடாது.

இரண்டாவது, அரபு மொழியிலிருந்து பாரசீகம், உருது வழியாக வந்த 'நகல்'. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசெல்வது என்பது அதன் அடிப்படைப் பொருள். ஓர் ஏட்டிலிருந்து இன்னோர் ஏட்டுக்குக் கொண்டுசென்றால் படியெடுத்தல். ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்குக் கொண்டுசென்றால் கதை சொல்லல். ஈரானில் கதைசொல்லிக்கு 'நக்கால்' என்று பெயர். அந்தக் கலையை 2011-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. பஞ்சாபில் வேடம் கட்டிப் பிறரைப்போல் நடித்துச் சிரிக்க வைக்கும் கலைஞர்களுக்கும் இதே பெயர்தான்.

மூன்றாவது, நம்முடைய 'நகு'. சிரி என்று பொருள். நகை, நகைப்பு, நகைச்சுவை எல்லாம் இதன் பிள்ளைகள். தகு என்பது தக்க என்றும், மிகு என்பது மிக்க என்றும் ஆவதுபோல நகு என்பது நக்க என்று ஆகும். சிரித்தான் என்பதைப் பழந்தமிழ் 'நக்கான்' என்றே சொன்னது. நமக்கு அது வழக்கொழிந்து போயிற்று. ஆனால் தாராவியிலும் செம்பூரிலும் உள்ள கன்னடக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். சிரித்தான் என்பதற்கு இன்றைக்கும் 'நக்கனு' என்றுதான் சொல்வார்கள். நாம் விட்டதை அவர்கள் வைத்திருக்கிறார்கள்.

ஓர் ஆட்சேபம் வரும். நகு என்பதோடு அல் சேர்ந்தால் நகல் என்றுதானே வரவேண்டும், நக்கல் எப்படி வரும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இலக்கணப்படி வரவேண்டியது நகல்தான். அது வந்தும் இருக்கிறது. திருக்குறளில் பண்புடைமை அதிகாரத்தில், 999-ஆம் குறளில், 'நகல்' என்ற சொல் சிரித்து மகிழ்தல் என்ற பொருளில் நிற்கிறது. பிறரோடு கலந்து மகிழத் தெரியாதவனுக்குப் பட்டப்பகலும் இருட்டு என்பது அந்தக் குறளின் கருத்து. பின்னாளில் தாசில்தார், ஜமாபந்தி போன்ற சொற்களோடு உருது 'நகல்' நம் கச்சேரிகளுக்குள் நுழைந்தது. அசல், நகல் என்று இரட்டையாகவே வந்து பத்திர எழுத்தரிடமும் தாலுகா ஆபீசிலும் உட்கார்ந்துகொண்டது. ஆக, குறளில் சிரிப்பாக இருந்த நகல் இன்றைக்கு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறது. சிரிப்புக்குப் பேச்சு வழக்கில் மிஞ்சியது, இறந்தகால வடிவின் ககரம் இரட்டித்த நக்கல் என்று கொள்வதில் தடையில்லை.

பொருள் என்ன சொல்கிறது?

ஓசையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. கடையில் தட்டு நல்ல எவர்சில்வர்தானா என்று கையில் எடுத்துப் பார்ப்பதுபோல, சொல்லையும் பயன்படுத்திப் பார்க்கவேண்டும்.

பத்து மணிக்கு வரவேண்டிய ஆள் பன்னிரண்டு மணிக்கு வருகிறார். "வாங்க வாங்க, இப்பத்தான் பொழுது விடிஞ்சுதா?" என்கிறோம். இது நக்கல். இதில் யாரைப்போலவும் யாரும் செய்து காட்டவில்லை. 'அமைதிப்படை' (1994) படத்தில் சத்யராஜும் மணிவண்ணனும் பேசிக்கொள்வதைத் தமிழ்நாடே நக்கல் என்று ரசித்தது. அதிலும் பலகுரல் வித்தை கிடையாது. கொங்கு நாட்டு நக்கலுக்கு முகபாவம்கூட வேண்டாம். மரியாதைச் சொல்லை ஓர் இழுப்பு இழுத்தாலே போதும்.

மறுபக்கம் பாருங்கள். கிளி நம்மைப்போல் பேசுகிறது. அதை நக்கல் என்று எந்தத் தமிழரும் சொல்லமாட்டார். ஒருவரைப்போல் செய்து காட்டிக் கேலி செய்வதற்கு நம்மிடம் தனிச்சொற்களே உண்டு. பழிப்புக் காட்டுவது, அழகு காட்டுவது, தெற்கே வலிச்சம் காட்டுவது என்கிறோம். எல்லாவற்றிலும் 'காட்டுவது' இருப்பதைக் கவனிக்கவேண்டும்.

இந்தி, மராட்டிச் சொல்லுக்கு உயிர், ஒன்றைப்போல் இன்னொன்று இருப்பதில் உள்ளது. தமிழ்ச் சொல்லுக்கு உயிர் சிரிப்பில் உள்ளது. ஆகவே இவை இரண்டும் உடன்பிறப்புகள் அல்ல; ஒரே சந்தில் குடியிருக்கும் அண்டை வீட்டுக்காரர்கள் என்பதே என் முடிவு. ஆனால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பொதுத் திண்ணை உண்டு. இந்தியில் 'நகல் உதார்னா' என்றால் ஒருவரைப்போல் செய்து காட்டிச் சிரிப்பது. நம் பழிப்புக் காட்டுவதும் அதேதான். மனிதர்களுக்கு அதிகக் காயம் படுவது அந்தத் திண்ணையில்தான்.

திண்ணையில் நடப்பது

மும்பைத் தமிழர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1966-இல் சிவசேனை தொடங்கிய காலத்தில் தென்னிந்தியர்களுக்கு எதிராக எழுந்த முழக்கம் நம் லுங்கியைக் குறிவைத்தது. நம் மொழிகளின் ஓசையை 'யண்டு குண்டு' என்று பழிப்புக் காட்டியது. பெரியவர்கள் பலர் பஸ்ஸில் தமிழ் பேசுவதைக் குறைத்துக்கொண்டது அந்தக் காலத்தில்தான்.

சினிமாவும் தன் பங்கைச் செய்தது. 'படோசன்' (1968) படத்தில் மெஹமூத் தென்னிந்தியப் பாட்டு வாத்தியாராக வருவார். குடுமி, வேட்டி, உடைந்த இந்தி. படம் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் புகழ்பெற்ற பாட்டுப் போட்டியைச் சற்று யோசித்துப் பாருங்கள். வாத்தியார் தன் சொந்தக் குரலில் பாடுகிறார். எதிரே கதாநாயகன் வாயை மட்டும் அசைக்கிறான். ஒளிந்திருந்து பாடுபவர் அவன் நண்பர். கதைப்படி அசல் வித்வான் கேலிக்கு ஆளாகிறார், நகல் பாடகன் ஜெயிக்கிறான். 'அக்னிபத்' (1990) படத்தில் மிதுன் சக்கரவர்த்தி இளநீர் விற்கும் கிருஷ்ணன் ஐயராக வந்தார். அதற்கு ஃபிலிம்ஃபேர் விருதும் கிடைத்தது. 'சென்னை எக்ஸ்பிரஸ்' (2013) வரைக்கும் இந்த உச்சரிப்பு வியாபாரம் ஓய்ந்தபாடில்லை.

நாம் மட்டும் சுத்தமா? தமிழ்ப் படங்களில் சேட்டு வந்தால் "நம்பள், நிம்பள்" என்றுதான் பேசவேண்டும் என்பது எழுதாத சட்டம். தலைமுறை தலைமுறையாகச் சென்னையில் பிறந்து வளர்ந்து நல்ல தமிழ் பேசும் சேட்டுகளைத் திரையில் காண்பது அரிது. வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணனான எனக்கு இந்த நகைப்பு இரண்டு பக்கமும் கிடைத்தது. ஊரில் "நீங்க ஜெயினா, அப்ப சேட்டா?" என்பார்கள். இங்கே ஒரு மொத்த வியாபாரி, தமிழ் பேசுகிற ஜெயினா என்று வியந்து, என்னை "நக்லி ஜெயின்" என்று அழைத்தார். நக்லி என்றால் போலி. அதுவும் அந்த நகல் குடும்பத்துச் சொல்தான். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரும், சீவக சிந்தாமணி பாடிய திருத்தக்கதேவரும் எங்கள் சமயத்தார் என்று அவரிடம் சொன்னேன். "அவங்க எந்த மார்க்கெட்?" என்று கேட்டார். அதற்கு நானும் சிரித்துவிட்டேன்.

சிரிப்பு எங்கே சுடும், எங்கே சுடாது என்பதை நம் முன்னோர் நன்றாகவே யோசித்திருக்கிறார்கள். தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்று சொல்லி, இளமை, பேதைமை, மடன் ஆகியவற்றோடு எள்ளலையும் வைத்தது. நான்கில் எள்ளல் ஒன்றே ஒன்று. சிரிப்பெல்லாம் எள்ளல் ஆகாது. வள்ளுவரோ, நகலைப் புகழ்ந்த அதே பண்புடைமை அதிகாரத்தில், நான்கு குறள் முன்னதாக, 995-இல், விளையாட்டுக்குச் செய்தாலும் இகழ்ச்சி துன்பமே தரும் என்று எச்சரித்துவிடுகிறார். சேர்ந்து சிரிப்பது பண்பு. ஒருவனைத் தனியே நிறுத்தி, அவனைப் பார்த்துச் சிரிப்பது பண்பின்மை. இரண்டையும் ஒரே அதிகாரத்தில் அடக்கியது சும்மா இல்லை.

இலங்கைத் தமிழர் வேடிக்கைப் பேச்சைப் 'பகிடி' என்பார்கள். கல்லூரியில் புதிய மாணவர்களைத் துன்புறுத்துவதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பகிடிவதை'. சிரிப்பையும் வதையையும் ஒரே சொல்லில் கட்டி வைத்துவிட்டார்கள். அதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1997-இலும் இலங்கையில் 1998-இலும் சட்டம் இயற்றவேண்டி வந்தது. "சும்மா விளையாட்டுக்கு" என்ற சமாதானத்தை இரண்டு அரசுகளும் ஏற்கவில்லை என்றுதானே பொருள்?

பிள்ளைகளின் நகல்

பள்ளியில் செய்யும் பகிடிக்குச் சட்டம் இருக்கிறது. வீட்டுக்குள் சிரிக்கும் சிரிப்புக்கு எந்தச் சட்டமும் இல்லை. மும்பையில் வளரும் பிள்ளை, "நாளைக்கு எனக்கு சுட்டி" என்று சொல்லும். இங்கே சுட்டி என்றால் விடுமுறை. ஊரிலிருந்து வந்த உறவினர் உடனே, "நீ எப்பவுமே சுட்டிதானே!" என்று சொல்லிச் சிரிப்பார். அது நல்ல சிரிப்பு. பிள்ளையும் சேர்ந்து சிரிக்கும். ஆனால் அதோடு விடுவதில்லை. அந்தப் பிள்ளை பேசியதை, அதே இழுப்போடு, அத்தைக்கு ஒருமுறை, சித்தப்பாவுக்கு ஒருமுறை, கல்யாண வீட்டில் எல்லோருக்கும் ஒருமுறை பேசிக் காட்டுகிறோம். நம் மொழியை 'யண்டு குண்டு' என்று பிறர் செய்து காட்டியபோது நமக்கு எது வலித்ததோ, அதையே நம் பிள்ளைக்குச் செய்கிறோம்.

பிள்ளை என்ன செய்யும்? அடுத்த முறை இந்தியில் பதில் சொல்லும். அதில் யாரும் சிரிக்கமாட்டார்கள் அல்லவா? அப்புறம், "எங்க பையனுக்குத் தமிழ் வராது, புரியும், பேசமாட்டான்" என்று நாமே வருத்தப்படுகிறோம். மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைவதைப் பற்றிச் சங்கக் கூட்டங்களில் பேசுகிறோம். பேசவேண்டியதுதான். ஆனால் பள்ளிக்கூடம் போகும் முன்பே, நம் கூடத்திலேயே, எத்தனை பிள்ளைகளின் தமிழை நக்கல் செய்தே வாயடைத்துவிட்டோம் என்பதையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

இந்த இடத்தில்தான் மராட்டிக்காரர் வைத்திருக்கும் பொருள் நமக்கு உதவுகிறது. குழந்தை மொழி கற்பதே நகல் எடுத்துத்தான். அம்மா சொல்வதைச் சொல்லிப் பார்க்கிறது. தெருவில் கேட்பதையும் சொல்லிப் பார்க்கிறது. தெருவில் நான்கு மொழி என்றால் நகலிலும் நான்கு மொழிச் சாயல் இருக்கத்தான் செய்யும். அது குறையல்ல. வியாபாரத்தில் நகல் சரக்கை நான் ஏற்கமாட்டேன். பிள்ளை பேச்சில் நகலைத்தான் முதலில் ஏற்கவேண்டும். அது தேய்ந்து தேய்ந்துதான் அசல் ஆகும்.

அதற்காக நக்கலே கூடாது என்று சொல்ல வரவில்லை. தாமதமாக வரும் மாமாவுக்கும், சீட்டுப் பணம் தராத நண்பருக்கும் நக்கல் வேண்டியதுதான். அவர்களுக்குத் திருப்பிச் சொல்ல வாய் இருக்கிறது. திருப்பிச் சொல்லத் தமிழ் இன்னும் கைவராத பிள்ளையிடம் மட்டும் அதைக் காட்டவேண்டாம். பிள்ளை 'சுட்டி' என்றால், "ஓ, நாளைக்கு லீவா? விடுமுறையா?" என்று ஒருமுறை நாம் சொல்லிவிட்டு, விடுமுறையில் அது என்ன செய்யப்போகிறது என்று கேட்போம்.