இடம், வலம், இடம்

ஃப்ரெடி ஃப்ரீமேன் அடித்த அந்த ஹோம் ரன்னை உலகமே பார்த்துக் களித்துவிட்டது. 2024 அக்டோபர் 25, லாஸ் ஏஞ்சலிஸின் டாட்ஜர் ஸ்டேடியம், வேர்ல்ட் சீரிஸின் முதல் ஆட்டம், பத்தாவது இன்னிங்ஸின் பின்பாதி. நியூயார்க் யாங்கீஸ் 3-2 என முன்னிலை. இரண்டு பேர் அவுட், மூன்று பேஸிலும் ஆட்கள். முதல் பந்திலேயே கிராண்ட் ஸ்லாம். 6-3 என டாட்ஜர்ஸுக்கு வெற்றி. வேர்ல்ட் சீரிஸ் வரலாற்றில் ஓர் ஆட்டம் கிராண்ட் ஸ்லாமால் முடிந்தது அதுவே முதல் முறை. என் மனம் சொக்கிக் கிடப்பதோ அந்தப் பந்துக்கு முந்தைய சில நிமிடங்களில். யாருக்கு எதிராக யாரை நிறுத்துவது என்ற அந்த நுட்பமான விளையாட்டை, அவசரமில்லாமல், என்னோடு சேர்ந்து இன்னொரு முறை பாருங்கள்.

முதலில் பேட்டிங் வரிசை. டாட்ஜர்ஸ் மேனேஜர் டேவ் ராபர்ட்ஸ் எழுதிய சீட்டின் தலையில் மூன்று பெயர்கள்: ஷோஹேய் ஓட்டானி, மூக்கி பெட்ஸ், ஃப்ரெடி ஃப்ரீமேன். மூவருமே லீகின் மிகச் சிறந்த வீரருக்கான எம்விபி விருதை முன்பே வென்றவர்கள். அந்தப் பெயர்களின் பளபளப்பைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, கைகளை மட்டும் பாருங்கள். ஓட்டானி இடக்கை, பெட்ஸ் வலக்கை, ஃப்ரீமேன் மறுபடியும் இடக்கை. மல்லிகையும் கனகாம்பரமும் மாற்றி மாற்றித் தொடுத்த சரம்போல எத்தனை அழகான கோவை!

இந்த அழகு வெறும் அலங்காரமும் அல்ல. இடக்கைப் பிட்சரை எதிர்கொள்வது இடக்கை பேட்டருக்குச் சிரமம். வலக்கைக்கு வலக்கையும் அப்படியே. பேஸ்பாலின் பழம்பாடம் இது. பந்து பேட்டரின் முதுகுப் பக்கத்திலிருந்து கிளம்பி வருவதுபோல ஒரு மயக்கம் தரும். வளையும் பந்தாக இருந்தால் கடைசி நொடியில் மட்டைக்கு எட்டாமல் வெளியே நழுவும். எதிர்க்கைப் பிட்சர் என்றால் பந்து விரலை விட்டுப் பிரியும் கணமே பளிச்சென்று தெரியும், வளைவும் பேட்டரை நாடியே வரும். ஒரே கைக்காரர்களை அடுத்தடுத்து நிறுத்தினால், எதிரணி ஒற்றைப் பிட்சரைக் கொண்டே மூவரையும் கட்டிப்போட்டுவிடும். ராபர்ட்ஸின் சரத்திடம் அது பலிக்காது. ஓட்டானிக்காக இடக்கைப் பிட்சரை அழைத்தால், அடுத்து பெட்ஸ் புன்னகையோடு காத்திருப்பார்.

2020இல் வந்த ஒரு விதி இந்தச் சரத்தின் மதிப்பை இன்னும் கூட்டியது. முன்பெல்லாம் ஒரே ஒரு பேட்டருக்காக ஒரு பிட்சரைக் கொண்டுவந்து, வேலை முடிந்ததும் அனுப்பிவிடுவார்கள். இப்போது உள்ளே வருபவர் குறைந்தது மூன்று பேட்டர்களைச் சந்திக்க வேண்டும். அல்லது அந்தப் பாதி இன்னிங்ஸ் முடிய வேண்டும். பிட்சர் மாற்றத்தின் பழைய சுவை இதனால் போய்விட்டது என்று வருந்தும் ரசிகர்கள் உண்டு. எனக்கோ சுவை கூடியதாகவே தோன்றுகிறது. ஒருவரை மனத்தில் வைத்து எடுக்கும் முடிவு, சத்தமில்லாமல் மூவருக்குமான முடிவாகிவிடுகிறது. மேனேஜர் இரண்டு பேரைத் தாண்டி மூன்றாமவரின் முகத்தையும் பார்த்தாக வேண்டும்.

இனி யாங்கீஸ் பக்கம். வலக்கைப் பிட்சர் ஜேக் கசின்ஸ் ஒருவரை அவுட்டாக்கிய பிறகு, கேவின் லக்ஸ் நான்கு பால் பெற்று முதல் பேஸுக்குப் போனார். டாமி எட்மன் ஒரு சிங்கிள் எடுத்தார். அடுத்து வருபவர் ஓட்டானி. மேனேஜர் ஆரோன் பூன் புல்பென்னைத் திரும்பிப் பார்க்கிறார். அங்கே இரண்டு இடக்கையர்கள், இரண்டு வேறு உலகங்கள். டிம் ஹில் கையைத் தாழ்த்தி, பக்கவாட்டிலிருந்து வீசுபவர்; அவர் பந்து அமிழ்ந்து இறங்கும், பேட்டர் தரையோடு உருட்டிவிடுவார். அந்த அக்டோபர் முழுக்க நன்றாக வீசிவந்தார். நெஸ்டர் கோர்டெஸ் வேறு வார்ப்பு. வீசுவதற்கு முன் ஒரு சமயம் காலைத் தூக்கித் தயங்கி நிற்பார், இன்னொரு சமயம் சட்டென்று முடித்துவிடுவார். கையசைவையும் தாளத்தையும் மாற்றி மாற்றி பேட்டரைக் குழப்பும் லாவகக்காரர். ஆனால் முழங்கைக் காயத்தால் செப்டம்பர் 18க்குப் பிறகு அவர் ஓர் ஆட்டத்திலும் வீசவில்லை.

பூன் கோர்டெஸைக் கூப்பிட்டார். ஹில் தரையடி வாங்கினாலும், ஓட்டானியின் கால் வேகத்துக்கு இரட்டை அவுட் எடுப்பது கடினம். பின்னாலேயே வரும் பெட்ஸ், ஹில்லுக்குப் பொருந்தாத எதிராளி. பூன் பின்னர் சொன்ன காரணம் இதுதான். இந்த யோசனையின் நேர்த்தியைப் பாருங்கள். பந்தின் போக்கு, ஓடுபவரின் கால், அடுத்து வருபவரின் கை, விதியின் மூன்று பேட்டர் கணக்கு எல்லாமே அதில் அடக்கம். இத்தனையையும் அவர் நின்ற நிலையில் நிறுத்துப் பார்த்திருக்கிறார்.

கோர்டெஸின் முதல் பந்து. ஓட்டானி சுழற்றினார். பந்து இடப்பக்கக் கோட்டுக்கு வெளியே உயர்ந்து இறங்கியது. இடப்புற ஆட்டக்காரர் அலெக்ஸ் வெர்டூகோ ஓடிவந்து அதை அள்ளிப் பிடித்து, தாழ்வான சுவரைத் தாண்டிப் பார்வையாளர்களுக்கிடையே தலைகுப்புற விழுந்தார். எத்தனை துணிச்சலான, எத்தனை அழகான கேட்ச்! ஆனால் பந்தோடு மைதானத்துக்கு வெளியே விழுந்தால், ஓடுபவர்கள் ஆளுக்கொரு பேஸ் முன்னேறலாம் என்பது விதி. லக்ஸ் மூன்றாவது பேஸுக்கும் எட்மன் இரண்டாவதுக்கும் நகர்ந்தார்கள். முதல் பேஸ் காலியானது. அந்தக் காலியிடத்தில்தான் என் கண் ஒவ்வொரு முறையும் போய் நிற்கிறது. ஓர் அற்புதமான கேட்ச், ஆட்டத்தில் புதிதாய் ஒரு கதவைத் திறந்துவைத்துவிட்டது.

பூன் அந்தக் கதவு வழியே போனார். பெட்ஸுக்கு வேண்டுமென்றே முதல் பேஸைக் கொடுத்துவிடச் சொன்னார். 2017 முதல் இதற்கு நான்கு பந்து வீசத் தேவையில்லை. டக்அவுட்டிலிருந்து சைகை காட்டினால் போதும். அந்தச் சிறு சைகை என்ன செய்தது தெரியுமா? ராபர்ட்ஸ் தொடுத்த சரத்தின் நடுப்பூவை அப்படியே உருவி எடுத்தது. வலக்கை போயிற்று, இடக்கையும் இடக்கையும் எதிரெதிரே நின்றன. மூன்று பேஸிலும் ஆள் இருப்பதால் எங்கே பந்தெடுத்தாலும் அவுட் எடுக்கலாம். எஞ்சியிருப்பவரோ வலது கணுக்கால் பிசகி, ஓடவே தடுமாறும் ஃப்ரீமேன். எந்தத் தராசில் வைத்தாலும் தட்டு யாங்கீஸ் பக்கமே சாயும்.

இப்போது அந்தப் பந்து. மணிக்கு 92 மைல் அளவிலான வேகப்பந்து, உடம்பை ஒட்டி உள்ளே வந்தது. ஃப்ரீமேனின் காயம் வலது காலில். இடக்கை பேட்டருக்கு அதுதான் முன்கால், வீச்சின் முழு எடையையும் தாங்கும் கால். அந்தக் காலை ஊன்றி, முழங்கைகளை விலாவோடு அணைத்து, உள்ளே வந்த பந்துக்குக் குறுகிய வழியில் மட்டையைக் கொண்டுசேர்த்த அந்த வீச்சில் ஒரு துளி பதற்றமில்லை. மட்டையை உயரத் தூக்கியபடி அவர் நிற்க, பந்து 409 அடி தாண்டி வலப்புற இருக்கைகளில் விழுந்தது. ஓட முடியாதவருக்கு, ஓட வேண்டிய தேவையே இல்லாத ஓர் அடி. சுற்றி முடித்ததும் அவர் வலைக்குப் பின்னால் நின்ற தன் அப்பாவிடம் ஓடினார்.

அதே மைதானத்தில் நடந்த 1988ஆம் ஆண்டு வேர்ல்ட் சீரிஸின் முதல் ஆட்டத்தையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓக்லண்ட் 4-3 என முன்னிலை, ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், எதிரே டென்னிஸ் எக்கர்ஸ்லி. மைக் டேவிஸ் பேட் செய்கையில் டாட்ஜர்ஸ் மேனேஜர் டாமி லசோர்டா அடுத்து வருபவராக டேவ் ஆண்டர்சனைக் காத்திருப்பு வட்டத்தில் நிறுத்தினார். காலில் காயம்பட்ட கிர்க் கிப்சனோ உள்ளே மறைவாக இருந்தார். வட்டத்தில் நிற்பவர் எளிய ஆள் என்று நம்பிய எக்கர்ஸ்லி, டேவிஸிடம் ஜாக்கிரதையாக வீசி அவரை முதல் பேஸுக்கு விட்டுவிட்டார். அதன் பிறகே கிப்சன் நொண்டியபடி வெளியே வந்தார், ஹோம் ரன்னும் வந்தது. விளையாடாத ஒருவரைச் சும்மா நிறுத்திவைத்தே ஆட்டத்தை வளைத்த அந்தக் குறும்பை நினைத்து நினைத்து மகிழலாம்.

ஹில்லைத்தான் அழைத்திருக்க வேண்டும் என்று வாதாடுகிறவர்கள் இன்றும் உண்டு. நான் பூன் கட்சி. ஓட்டானிக்காக அழைக்கப்பட்டவர் ஒரே பந்தில் ஓட்டானியை அவுட்டாக்கினார்; பெட்ஸை ஒதுக்கியதும் முறையான ஆட்டம். இடக்கைக்கு எதிரே இடக்கை என்பது ஒரு சாய்வு மட்டுமே, அதை ஏறிக் கடப்பவர்களும் இருக்கிறார்கள். சரத்தின் நடுப்பூவை உருவினால் அடுத்து எந்தப் பூ கையில் வரும் என்பதை, முதல் பந்து வீசப்படும் முன்பே, ராபர்ட்ஸ் மூன்றாவது வரியில் எழுதி வைத்திருந்தார்.