புதுப் படகு விமர்சனங்களில் கீல் எங்கே?

பாய்மரப் படகுப் பத்திரிகைகளில் வரும் புதுப் படகு விமர்சனங்களைத் தொடர்ந்து வாசிச்சா ஒண்ணு புரியும். பெரும்பாலும் ஒரு நாள் ஓட்டம், மிதமான காற்று. வேகம், சுக்கானோட லகு, சமையலறை, படுக்கை எல்லாம் விலாவாரியா இருக்கும். படகைக் கவிழாமல் நிறுத்துவது அடியில் தொங்கும் கனமான கீல். அதை எப்படிப் பொருத்தியிருக்காங்கன்னு ஒரு வரி தேறினா அதிகம். (எங்க துறையில டெமோ பார்த்துட்டு கையெழுத்துப் போடுற மாதிரி.)

2014 மே மாதம் சீக்கி ரஃபிகி என்ற பெனட்டோ ஃபர்ஸ்ட் 40.7 படகு, ஆன்டிகுவாவிலிருந்து இங்கிலாந்து திரும்பும் வழியில் அட்லாண்டிக்கில் கீல் கழன்று கவிழ்ந்தது. நாலு பேர் இறந்தாங்க. முன்பு தரைதட்டியதும், அதன்பின் செய்த பழுதுபார்ப்புகளும் சேர்ந்து காரணமாகியிருக்கலாம்னு பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு சொன்னது. உள்ளே ஒட்டியிருக்கும் சட்டகம் படகின் உடலை விட்டுப் பிரிஞ்சா கண்டுபிடிப்பது கஷ்டம் என்றும் சொன்னது.

ஒரு நாள் ஓட்டத்தில் இது தெரியாதுதான். ஆனா, "தரைதட்டினா அந்த ஒட்டை எப்படிப் பரிசோதிக்கிறது, யார் செய்வாங்க, எவ்வளவு ஆகும்?" என்று கட்டினவரிடம் கேட்டு எழுத ஒரு பத்தி போதுமே!

முழுசாச் சோதிச்சதும் உண்டு. யாட்டிங் மன்த்லி 2011இல் ஒரு படகைத் தரைதட்டவிட்டு, கவிழ்த்து, பாய்மரத்தை முறிச்சு, ஓட்டை போட்டு, கடைசியில் கேஸில் வெடிக்கவும் வெச்சாங்க. அருமையான வேலை. ஆனா அது பழைய படகு. விளம்பரம் தரும் கம்பெனியின் புதுப் படகை யார் அப்படிச் செய்வாங்க? விளம்பரமே வாங்காத பிராக்டிகல் செய்லர், படகு வெச்சிருக்கிறவங்களைக் கேட்டு எழுதுது. புதுசு வாங்கப்போறவர் அதுக்குச் சில வருஷம் காத்திருக்கணும்.