தன் எழுத்துக்குத் தானே நீதிபதி

ஆன் பிராங்க் என்றதும் அழுகிறார்கள். இட்லரின் இனவெறிக்கு இரையான இளமொட்டு என்று எழுதிவிட்டு, கடமை முடிந்ததெனக் கருதுகிறார்கள். கண்ணீரைக் குறை கூறவில்லை நாம். ஆனால் அந்தக் கண்ணீர் கண்ணை மறைத்திடலாமா? அவள் கொடுமைக்குப் பலியானவள் மட்டுமல்ல. உழைத்து எழுதக் கற்ற மாணவி. அதை மறந்து, அவளைத் தெய்வமாக்கித் தீபம் காட்டுவது அவளுக்கு இழைக்கும் இரண்டாவது அநீதி என்போம்.

ஆம்ஸ்டர்டாம் நகரில், யூதப் பிள்ளைகளுக்கெனத் தனியே பிரிக்கப்பட்ட பள்ளியிலே படித்தாள் அவள். வகுப்பில் ஓயாது பேசியதற்குத் தண்டனையாக, "வாயாடி" என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னார் கணக்காசிரியர். பேச்சு தாய்வழி வந்த குணம், பரம்பரைக் குணத்தை மாற்றுவது எப்படி என்று வாதாடினாள் மாணவி! மூன்றாம் முறையும் தண்டனை வந்தபோது, தோழி ஒருத்தியின் துணையுடன் செய்யுளாகவே தீட்டித் தந்தாள். ஆசிரியர் சிரித்தார், வகுப்பிலே படித்தும் காட்டினார். குறும்பு உண்டு, கூர்மை உண்டு. ஆயினும் அது திறமை, எழுத்து அல்ல. இரண்டுக்கும் இடையே நெடுவழி கிடக்கிறது.

அந்த வழியை அவள் கடந்தது எப்படி? 1942 ஜூன் 12, பதின்மூன்றாம் பிறந்தநாளன்று கிடைத்தது நாட்குறிப்பு ஏடு. ஜூலை 6-இல் குடும்பம் தலைமறைவாயிற்று. தொடக்கப் பக்கங்களிலே கோபம் கொதிக்கிறது. தாய்மீது சுடுசொற்கள் பாய்கின்றன. 1944 ஜனவரியில் அந்தப் பக்கங்களைப் புரட்டியவள் திடுக்கிட்டாள். கிழித்தெறிந்தாளா? இல்லை. எந்த மனநிலை தன்னை அப்படி எழுத வைத்தது என்று ஆராய்ந்தாள். பழைய குறிப்பின் கீழே புதிய குறிப்பும் சேர்த்தாள். பாராட்டிட எவருமில்லாத இருட்டறையிலே, தன் எழுத்துக்குத் தானே நீதிபதியானாள்!

1944 மார்ச் 28. லண்டனிலிருந்து இயங்கிய டச்சு அரசின் அமைச்சர், போர்க்கால நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் பாதுகாத்திடுமாறு வானொலியில் வேண்டினார். நூல் வெளியிடும் ஆவல் அவளுக்குள் மூண்டது. மே 20 முதல், பத்தே வாரங்களில், 200-க்கு மேற்பட்ட தனித்தாள்களிலே முழுவதையும் திருத்தி எழுதத் தொடங்கினாள். வேண்டாதது கழிந்தது, விட்டுப்போனது சேர்ந்தது. தலைப்பும் அவளே சூட்டினாள்: பின்கட்டு வீடு. அப்போது அவளுக்குப் பதினைந்து வயதும் நிறையவில்லை!

திருத்தியதெல்லாம் மேன்மையா? அப்படியும் சொல்வதற்கில்லை. உடன் ஒளிந்திருந்த இளைஞன்மீது கொண்ட காதலைத் திருத்திய படியிலே ஒதுக்கிவிட்டாள். அடக்கம் கூடியது, சூடு குறைந்தது. 1947-இல் நூலை வெளியிட்ட தந்தை, இரு படிகளையும் இணைத்து, அவள் நீக்கியவற்றுள் சிலவற்றை மீண்டும் சேர்த்தார். 1986-இல் வெளிவந்த ஆய்வுப் பதிப்பு இரு படிகளையும் தந்தை தந்த நூலையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுக் காட்டுகிறது. கையெழுத்தும் தாளும் மையும் சோதிக்கப்பட்டு, போலி என்று கூவியோர் வாயும் அடைக்கப்பட்டது. மாணவி ஒருத்தி எழுத்தாளராக வளர்வதைக் கண்ணெதிரே காட்டும் சான்று இதனினும் வேறு வேண்டுமோ?

1944 ஆகஸ்ட் 4-இல் கைது. 1945 தொடக்கத்தில், பெர்கன்-பெல்சன் முகாமிலே மரணம். திருத்திய படி 1944 மார்ச் மாத நிகழ்ச்சிகளுடன் நின்றுபோயிற்று. அந்த முற்றுப்பெறாத தாள்கள்தாம் நம் நெஞ்சைச் சுடுகின்றன.

எழுதத் துடிக்கும் மாணவத் தோழனே! தோழியே! கைதட்டலைத் தேடி ஓடாதே. சென்ற ஆண்டு எழுதிய ஏட்டை எடு. அயலான் எழுதியதென எண்ணிப் படி. எந்த வரி உன்னுடையது, எது இரவல், எது வெற்று ஆரவாரம் என்று கேள். கடவுளையே கேள்வி கேட்கத் துணிந்த நாம், நம் கட்டுரையைக் கேள்வி கேட்க அஞ்சலாமா?